பறித்துக்கொண்டு ஓடினேன்

ஜனவரி 9, புதன்

பருப்பு பாதி வெந்திருந்தபோது ஏஜென்சியிலிருந்து டெபோரா அழைத்தாள். போனில் அவள் குரல் மட்டும் எனக்குச் சரியாக விழுவதில்லை. மெசேஜ் அனுப்பிவிடு என்றேன். காவல் நிலையம், தமிழ், இலங்கை, ஆண், ராபரி. அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். பதினொரு வருட மொழிபெயர்ப்பு வேலையில் அரைகுறையாக வெந்த பருப்பு எத்தனையோ.

உண்மைப் பெயரை எழுதக் கூடாது. சிவநேசன் என்று வைத்துக்கொள்கிறேன். நாற்பத்திரண்டு வயது, முல்லைத்தீவு. இங்கே தங்க அனுமதி கேட்டு ஆறு வருடமாகக் காத்திருக்கிறார். மேல்முறையீடு பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி.

நேற்று மாலை பஸ் நிறுத்தத்தில் எழுபத்தெட்டு வயது வெள்ளைக்கார அம்மாவின் கைப்பையை யாரோ இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். அவர் விழுந்ததில் மணிக்கட்டு உடைந்துவிட்டது. அங்கே நின்ற ஒருவர் சிவநேசனைத் துரத்திப் பிடிக்க, இவர் திமிறி ஓடி, இரண்டு தெரு தள்ளிப் போலீசிடம் அகப்பட்டார். பை இவரிடம் இல்லை.

சின்ன அறை. மேலே சூடேற்றும் விசிறி ஓயாமல் இரைந்தது. சிவநேசன் எனக்கு இடப்பக்கம். தலையைக் குனிந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார். என்ன நடந்தது என்று அதிகாரி கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, “பயத்தில பையைப் பறிச்சுக்கொண்டு ஓடினன்” என்றார். ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். இவருடைய வக்கீல் ஹெலன், சின்னப் பெண், சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அப்புறம் பை எங்கே என்று கேட்டால் எனக்குத் தெரியாது என்கிறார். ஒப்புக்கொண்ட பிறகு இது என்ன பேச்சு.

வீட்டுக்கு வந்து பருப்பை மறுபடி அடுப்பில் வைத்தேன். வேகவே இல்லை.

ஜனவரி 12

டெபோரா மெயில் அனுப்பியிருக்கிறாள். புதிதாகச் சேரும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு பிப்ரவரி 23இல் ஒரு வகுப்பு எடுக்க வேண்டுமாம். தலைப்பு, திருட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள். எனக்குப் பிடித்த வேலை. ஊரில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவள்தானே நான்.

இன்று இவ்வளவு குறித்தேன். தெஃப்ட் என்றால் திருட்டு. அடி, பிடி, மிரட்டல் இல்லை. ராபரி என்றால் பலத்தைக் காட்டிப் பறிப்பது. வழிப்பறி என்ற நம் சொல் அதற்குக் கச்சிதம். பர்க்ளரி, கட்டடத்துக்குள் புகுந்து திருடுவது. கன்னம் வைப்பது என்று நம் ஆட்கள் சொன்னது இதைத்தான். இப்போது யாருக்கும் புரியாது. தெஃப்டுக்கு அதிகபட்சம் ஏழு வருடம். ராபரிக்கு ஆயுள்வரை போகலாம். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மனிதனின் வாழ்நாள் கிடக்கிறது என்று வகுப்பில் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கும்.

ஜனவரி 15

பொங்கல். கரும்பு கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் டிப்போவில் ஷிப்ட் முடிந்து வந்ததும், “என்ன மரகதம், டி.வி. தெருமுக்கு வரைக்கும் கேக்கு” என்றார். ரிமோட்டை வாங்கிக் குறைத்தார். அப்புறம் படம் மட்டும் ஓடியது. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

ஜனவரி 17

திருடு என்று பொருள்படும் ஸ்டீல் என்ற சொல்லும் ஸ்டெல்த் என்ற சொல்லும் ஒரு வேர். ஸ்டெல்த் என்றால் முதலில் திருட்டே. பிறகுதான் ஓசைப்படாமல் ஒன்றைச் செய்வது என்ற பொருள் தங்கிற்று. நம் களவும் அப்படித்தான். மறைவில் நடப்பது எல்லாம் களவு. ஊருக்குத் தெரியாத காதலுக்கும் பழைய இலக்கணத்தில் அதே பெயர். இலங்கைத் தமிழர்கள் இன்றும் களவு என்றே சொல்கிறார்கள். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு சிவநேசன் “களவு” என்ற சொல்லை ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

ஜனவரி 19, சனி

தமிழ்க் கடைக்குப் போனேன். பால், தேங்காய், புளி. கறிவேப்பிலை வாடல்.

கடையில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் மூச்சிரைக்க வந்தாள். பின்னாலேயே ஓடி வந்த நான்கு வயதுப் பையனைப் பிடித்து நிறுத்தி, கடைக்காரரிடம் குறைப்பட்டாள். “ரோட்டுக் கரையில வரேக்கை கையைப் பறிச்சுக்கொண்டு ஓடுறான் அண்ணை. கார் அடிச்சா என்ன செய்யிறது?”

கையைப் பறித்துக்கொண்டு. அதாவது, அவள் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு.

புளியை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஜனவரி 20

இன்று எங்கும் போகவில்லை.

ஜனவரி 22

ராபரியும், ரோப் என்கிற அங்கியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அந்தக் காலத்தில் ஒருவனை மடக்கினால் முதலில் அவன் உடுப்பைத்தான் உருவியிருக்கிறார்கள். பறித்த பொருள் என்று பொருள்பட்ட சொல், நாளடைவில் உடுப்புக்கே பெயராகிவிட்டது. நீதிபதி போட்டுக்கொள்ளும் அங்கிக்கும் அதே பெயர்.

திருச்செல்வத்துக்கு போன் போட்டேன். சாவகச்சேரிக்காரர், என்னோடு பல வருடமாக இதே வேலை பார்ப்பவர், என்னைவிட இளையவர். வகுப்புக்காக ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தேன்.

“பறிச்சுக்கொண்டு ஓடினன்னு உங்க ஊர்ல சொன்னா என்ன அர்த்தம்?”

“எதைப் பறிச்சதெண்டு முன்னுக்குச் சொல்லுவினம்தானே அக்கா. பையைப் பறிச்சா அது களவு. கையைப் பறிச்சா, பிடிச்சவனிட்ட இருந்து தப்பினது. ஏன் கேக்கிறியள்?”

“வகுப்புக்குத்தான்.”

பையை. கையை. ஓர் எழுத்து. உதட்டைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், ‘ப’வுக்கு உதடு ஒட்டும். அவர் வாயைப் பொத்தியிருந்தார். விசிறி வேறு. நான் கேட்டது பை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நூற்றுக்கு எண்பது.

ஜனவரி 24

ஒரு கடிதம் வந்தது. அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அவர் வரும் நேரம்.

ஜனவரி 29

டெபோரா வீடியோவில் அழைத்தாள். சிறையில் சிவநேசனைப் பார்க்க ஹெலன் வேறொரு மொழிபெயர்ப்பாளரோடு போயிருக்கிறாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் அழுதாராம். விசாரணை ஒலிப்பதிவை இன்னொருவரை வைத்துக் கேட்க வேண்டும் என்று ஹெலன் எழுதிக் கேட்டிருக்கிறாள். வரிசையில் நிறைய வழக்குகள், ஐந்தாறு வாரம் ஆகுமாம். அதுவரை அவர் உள்ளேதான். பிடித்தவரிடமிருந்து ஓடியவர் ஜாமீனில் விட்டாலும் ஓடுவார் என்று காரணம்.

“உன் மொழிபெயர்ப்பில் உனக்கு நம்பிக்கை இருக்கிறதுதானே?” என்று டெபோரா கேட்டாள்.

முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

இருக்கிறது என்றேன்.

பிறகு திருட்டுக்கான பழைய சட்டச் சொல் லார்செனியைப் பார்த்தேன். இங்கே சட்டத்திலிருந்து எடுத்து ஐம்பது வருடமாகிறது, அமெரிக்காவில் இன்னும் இருக்கிறது. லத்தீனில் அதன் வேர்ச்சொல்லுக்கு முதலில் கூலிப் படைவீரன் என்று பொருள், பிறகு கொள்ளைக்காரன். இதை வகுப்பில் சொல்வதா என்று யோசித்துக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். யோசித்தது அந்தச் சொல்லை அல்ல.

பிப்ரவரி 2

பனி. பஸ் ஓடவில்லை.

ஃபர்ட்டிவ். லத்தீனில் ஃபூர் என்றால் திருடன். பொருளை எடுப்பவனுக்கு மட்டுமல்ல, எதையோ ஒளித்துவைத்துக்கொண்டு நடமாடுகிறவனுடைய பார்வைக்கும் இந்தச் சொல் பொருந்தும்.

வகுப்புக்கு இதுவரை பதினாறு சொற்கள் சேர்ந்துவிட்டன.

பிப்ரவரி 6, புதன்

தீர்ப்பாயத்தில் வேறொரு வேலை. காத்திருக்கும் கூடத்தில் திருச்செல்வம் எனக்கு வலப்பக்கமாக வந்து உட்கார்ந்தார். சிறைக்குப் போன மொழிபெயர்ப்பாளர் அவர்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“சொல்லக் கூடாதுதான் அக்கா. மனசு கேக்குதில்லை. அந்த மனுசன்ர தாய் மோசம் போயிட்டா.”

“யார்கிட்ட ஏமாந்தாங்க?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “இல்லை அக்கா. செத்துப்போனா. போன மாசம் இருபத்தேழு. முல்லைத்தீவில. இவருக்கு முந்தநாள்தான் தெரியும். உள்ளுக்கு ஆர் போன் எடுத்துச் சொல்றது? லோயரோட ரெண்டாந்தரம் போகேக்கை நான்தான் சொன்னனான். அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டிக் கிடந்தது.”

எங்கள் விருதுநகர்ப் பக்கம் மோசம் போனார் என்றால் ஏமாந்துபோனார் என்று பொருள். பதினொரு வருடத்தில் இந்தச் சொல்லைப் பத்துத் தடவையாவது கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரியும். இன்றைக்கு மறந்துவிட்டது.

திருச்செல்வம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “உங்களுக்கு என்ன?” என்று இரண்டு தடவை கேட்டார். வெயில் என்று சொன்னேன். பிப்ரவரி மாதம், வெளியே பனி உறைந்து கிடக்கிறது.

வீட்டுக்கு வந்து ஹெலனுடைய மனுவின் நகலைப் படித்தேன். ஏஜென்சி வழியாக எனக்கும் வந்திருந்தது. தாயின் மறைவைக் காட்டி வழக்கைச் சீக்கிரம் எடுக்கக் கேட்டிருந்தாள். சாவுத் துக்கத்தை பெரீவ்மெண்ட் என்று எழுதியிருந்தாள். அகராதியைத் திறந்தேன். பெரீவ் என்றால் பழைய ஆங்கிலத்தில் கொள்ளையடிப்பது, பலவந்தமாகப் பறிப்பது. ராபரிக்கு உறவுக்காரச் சொல். சாவு வந்த வீட்டாரை இவர்கள் பறிகொடுத்தவர்கள் என்கிறார்கள். நாமும் மகனைப் பறிகொடுத்தாள் என்றுதான் சொல்கிறோம்.

இதை என் பட்டியலில் சேர்க்கவில்லை.

பிப்ரவரி 7

வீட்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

“எந்தக் காது?”

“இடது. வலதும் இப்ப கொஞ்சம்.”

“எத்தனை நாளா?”

அரிசி டப்பாவை நகர்த்திக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. மூன்றாவது முறையும் பரிசோதனைக்கு வரவில்லை, பெயரை நீக்குகிறோம் என்று இருந்தது.

“ஏன் போகல?”

“மிஷின் மாட்டிக்கிட்டா ஏஜென்சிக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா யாரு கூப்பிடுவா?”

அவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் முகத்துக்கு நேராகத் திரும்பி, மெதுவாகச் சொன்னார். “எனக்குத் தெரியும் மரகதம். மூணு வருஷமா நான் உனக்கு வலது பக்கமாத்தான் நடக்கேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.”

எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை. அவர் அப்போதே கேட்டிருந்தால் அந்த அறைக்கு நான் போயிருக்க மாட்டேன் என்று கத்தினேன். அவர் தட்டைத் தள்ளிவைத்தார். ஏதாவது சொல்லியிருந்தாலும் நான் கத்திய கத்தலில் விழுந்திருக்காது.

கொஞ்சம் கழித்து அவரே கேட்டார். “அவரு ‘கை’ன்னுதான் சொன்னாருன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. ‘பை’ன்னு சொன்னாருன்னும் தெரியாது. எனக்கு எதுவுமே சரியா கேக்கல. தெரு, பை, ஓட்டம்னு ஸ்டேஷன்ல குடுத்த தாளை முன்னாடியே படிச்சிட்டு உள்ள போனேன். அதுக்குத் தக்கன என் காது ஒரு சொல்லைப் போட்டுக்கிச்சு.”

இதை இப்போதுதான் முதன்முறையாகச் சொன்னேன். இங்கேகூட எழுதியிருக்கவில்லை.

பிப்ரவரி 8, வெள்ளி

டெபோராவுக்கும் ஹெலனுக்கும் எழுதினேன். ஏழு வரி. நான்கு மணிநேரம் ஆயிற்று. “சரியாகக் கேட்கவில்லை” என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதல் இரண்டிலும் தப்பு விசிறியினுடையதாக இருந்தது. மூன்றாவதை அனுப்பினேன்.

பிப்ரவரி 11

இனி எனக்கு வேலை ஒதுக்க வேண்டாம் என்று ஏஜென்சியில் முடிவு. இரண்டு வருடத்தில் நான் செய்த எல்லா விசாரணைகளையும் திரும்பக் கேட்கப் போகிறார்களாம். எத்தனை என்று டெபோரா மெயிலில் எண்ணிச் சொல்லியிருந்தாள். திட்டவில்லை. “நாங்கள் உன்னிடம் நேராகக் கேட்டோமே” என்று மட்டும் எழுதியிருந்தாள்.

அத்தனை பேர். எனக்கு ஒருவர் முகமும் நினைவில்லை. யாராவது வாயைப் பொத்தியிருந்தார்களா, எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள், ஒன்றும் நினைவில்லை.

பிப்ரவரி 12

இன்று சிவநேசனுடைய மேல்முறையீட்டு நாள். கிரிமினல் வழக்கு நடப்பதால் தேதி குறிக்காமல் தள்ளிவைத்துவிட்டார்களாம். ஆறு வருடம் காத்திருந்த நாள்.

பிப்ரவரி 15

ஒலிப்பதிவை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். இருவருக்கும் சந்தேகமே இல்லையாம். “பயத்தில கையைப் பறிச்சுக்கொண்டு ஓடினன்.” அதற்கு முன்னால் இன்னும் ஒரு வாக்கியமும் இருந்திருக்கிறது. “போலீஸ் எண்டு நினைச்சனான்.” அதை நான் மொழிபெயர்க்கவே இல்லை. அப்படி ஒன்று என் காதில் விழவே இல்லை.

பிப்ரவரி 19

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து காதில் கருவியை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். சத்தம் வராத நேரத்திலும் இரண்டு மூன்று தடவை அழுத்திவிட்டேன் என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். நிறையப் பேர் அப்படித்தானாம்.

பிப்ரவரி 23

வகுப்பைத் திருச்செல்வம் எடுத்தார். என் பட்டியலைக் கேட்டார், அனுப்பினேன். பதினாறு சொற்கள்.

பிப்ரவரி 26, செவ்வாய்

நீதிமன்றத்துக்குப் போனேன். போகாதே என்று வீட்டில் அவர் சொன்னார். பொதுமக்கள் உட்காரும் இடத்தில் கடைசி வரிசை. பையை இழந்த அம்மா வரவில்லை. அவருடைய பை இன்றுவரை கிடைக்கவில்லை என்று யாரோ வாசித்தார்கள்.

எல்லாம் எட்டு நிமிடம். வழக்கைத் தொடரப் போவதில்லை என்றார் அரசு வக்கீல். திருச்செல்வம் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று காதோடு சொன்னார். சிவநேசனிடம் ஒரு மாற்றமும் இல்லை. “நீங்கள் போகலாம்” என்று நீதிபதி சொன்னதும், எங்கே என்று கேட்கிற மாதிரி திருச்செல்வத்தைப் பார்த்தார். அவர் தங்கியிருந்த விடுதி அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். இன்று ராத்திரிக்கு நூறு மைல் தள்ளி எங்கோ ஓர் இடம் என்று ஹெலன் தாள் ஒன்றை நீட்டினாள்.

நான் முதலில் வெளியே வந்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்து நின்றார். கையில் சாமான்கள் போட்ட பிளாஸ்டிக் பை. என்னைப் பார்த்தார். வேறுபக்கம் திரும்பினார். மறுபடி பார்த்தார்.

“அண்டைக்கு ஸ்டேஷனில இருந்தது நீங்கள்தானே?”

“ஆமா.” பேச வேண்டியதை எல்லாம் மனதுக்குள் எழுதிவைத்திருந்தேன். “தப்பு என்னோடதுங்க. எனக்குக் காது...”

“லோயர் சொன்னவ.”

ஒரு லாரி போயிற்று. அது போய்முடியும்வரை அவர் காத்திருந்தார்.

“இண்டைக்கு அம்மாவுக்கு முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிக் காரியம் தங்கச்சியின்ர மனுசன் செய்திருப்பார். நான் ஒரே பெடியன்.”

வலது காதை அவர் பக்கம் திருப்பி நின்றேன்.

அவருடைய பஸ் வளைவில் தெரிந்தது. தாளைப் பார்த்து எண்ணைச் சரிபார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டார். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே புரியாமல் கேட்கிறவர் போலத்தான் கேட்டார்.

“ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ எண்டு நீங்கள் கேட்டிருந்தா, நான் சொல்லியிருப்பன்தானே அக்கா?”

ஒரு சொல்லும் தப்பாமல் கேட்டது. கதவு திறந்தது, ஏறிப் போய்விட்டார்.